மாசானத்தை எடுக்கலாமான்னு கேக்கீய

உள்ள வாங்க தம்பி. அந்த மூட்டை மேல உக்காராதீங்க, அது யூரியா, ஈரம் கசியும், வேட்டி வீணாப் போயிரும். இந்தா, இந்த நாற்காலியில இருங்க. ஒரு கால் கொஞ்சம் ஆடும், செவுத்தோட சாச்சுக்கிடுங்க. ஏல ரூபன்! மூட்டை அடுக்குனது போதும். கடைக்குப் போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா. சீனி கம்மியா.

அவன்தான் என் மகன். தெரியும்லா உங்களுக்கு, பொங்கலுக்கு உங்க ஊர்ல ஆடுனான்லா. எங்க கைப்பந்து டீம் லிஃப்டர். பந்தை அடிக்கிறவனுக்குத் தூக்கிக் குடுக்கிற வேலை. நானும் அந்தக் காலத்துல லிஃப்டர்தான். முட்டி போயிட்டு, அதனால உரக்கடைக்கு வந்துட்டேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். புளியடிவிளையிலேருந்து இந்த வெயில்ல பைக்குல வந்திருக்கீய. மாசானத்தை உங்க டீமுக்கு எடுக்கலாமா வேண்டாமா, ஆனைவிளை செயலாளர் ஞானதிரவியம் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னா போதும்னு போன்ல சொன்னீய. நல்ல காரியம். பொண்ணு எடுக்கிற வீட்டுல விசாரிக்காம எடுப்பானா?

சை! அந்தப் பயல் பேரைச் சொன்ன ஒடனே வாய்க்குள்ள பொட்டாஷ் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. இருங்க, வெத்தலையத் துப்பிட்டு வந்துருதேன்.

தம்பி, நான் ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கிற ஆளு கெடையாது. உள்ளதை உள்ளபடி சொல்லுதேன். அடின்னா அவன் அடி. அதைச் சொல்லாட்டா என் நாக்கு அழுகிப் போவும். நானும் இத்தனை வருசமா கைப்பந்து பாத்தாச்சு, போலீஸ் டீமு, மில்லு டீமு எல்லாம் பாத்தாச்சு. மேல எந்திச்சான்னா நெட்டுக்கு மேல இடுப்பு தெரியும் அவனுக்கு. எந்திச்சவன் ஒடனே எறங்க மாட்டான். அங்கனயே நின்னு எவன் எங்க நிக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் அடிப்பான். பந்து தேரிச் செம்மணல்ல விழுந்தா மண்ணு மொழங்கால் வரைக்கும் தெறிக்கும். போன வருசம் ஒரு அடியில வாத்தியார் ஒருத்தருக்கு மூக்குல ரத்தம் வந்துட்டு. அவரு கமிட்டி நாற்காலியில உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருந்தாரு, பாவம்.

ஆனா கை மட்டும் இருந்தா போதுமா? வாய் இருக்கே. அந்த வாயி!

எங்ககிட்ட வாரதுக்கு முன்னாடியே மூணு கிளப்புக்காரன் அடிச்சு வெரட்டிட்டான். ஒரு ஊர்ல கேப்டனோட புது மாமனார், மாமியார் எல்லாரும் வந்து உக்காந்திருக்காவ. மாப்பிள்ளை ஆடுறதைப் பாக்க. அவுங்க முன்னாடி வச்சு, உனக்கு சர்வீஸ் போடவே வராது, எதுக்குல கேப்டனா இருக்கன்னு கேட்டிருக்கான். கேக்குற கேள்வியா அது? வராதுதான். அந்தப் பயலுக்கு சர்வீஸ் வராதுன்னு ஜில்லாவுக்கே தெரியும். அதுக்குன்னு மாமியார் முன்னாடியா சொல்லுவான் ஒருத்தன்?

அதெல்லாம் தெரிஞ்சுதான் எடுத்தோம். எங்க கிளப்புத் தலைவர் வேண்டாம்னாரு. நாந்தான் சொன்னேன், இருக்கட்டும், நான் மேய்ச்சுக்கிடுதேன்னு. ஏன் சொன்னேன்? என் மகனுக்காகச் சொன்னேன் தம்பி. ஒளிக்காமச் சொல்லுதேன். வர்ற மாசம் ஜில்லா டீம் செலக்‌ஷன். லிஃப்டர் நல்லா தூக்குனாலும் அடிக்கிறவன் நல்லா அடிச்சாத்தான தூக்குனவன் பேரு வெளிய தெரியும்? என் மகன் ஜில்லா டீமுக்குப் போவணும். எனக்குக் கெடைக்காதது அவனுக்குக் கெடைக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு. வேற ஒரு ஆசையும் கெடையாது.

வந்தான். மொத நாள் வாரான். நாங்க மாலை வாங்கி வச்சிருக்கோம், தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு நிக்காரு. அவன் ஒருத்தருக்கும் வணக்கம் சொல்லல. நேரா நெட்டுக்கிட்ட போனான். கையத் தூக்கிப் பாத்தான். பையிலேருந்து ஒரு டேப்பை எடுத்தான். அளந்தான். ரெண்டு வெரக்கடை கம்மியா இருக்குன்னான்.

கம்மியாத்தான் இருக்கும். எங்க ஊர்ல நெட்டு அப்படித்தான் கட்டுவோம். தலைவர் மச்சினன் கொஞ்சம் குட்டை, அவனும் ஆடணும்லா? ரொம்ப வருசமா அப்படித்தான் இருக்கு, ஒரு பயலும் ஒண்ணும் சொன்னதில்ல. வெளியூர் டீமு வந்தாலும் அதே நெட்டுலதான் ஆடிட்டுப் போவானுவ. இவன் மாலையக்கூட வாங்காம கம்பத்துல ஏறி நெட்டை இழுத்துக் கட்டிட்டான். அன்னையிலேருந்து தலைவர் மச்சினனுக்கு கை எட்டல. வெளிய உக்காந்துட்டான். தலைவருக்கு வீட்டுல சோறு இல்ல.

வா மக்கா, டீயை அப்படி மேசை மேல வையி. பாத்து, நோட்டு மேல வைக்காத. நீ உள்ள போய் அந்த பொட்டாஷ் மூட்டைய அடுக்கு. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்.

குடிங்க தம்பி.

பொறவு எங்க துரைப்பழம். தெரியும்லா, சென்டர்ல நிப்பான், கொஞ்சம் தொப்பை. வயசு நாப்பது தாண்டியாச்சு. ஆனா அவன்தான் எங்க டீமுக்கு மூத்தவன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்துக்குப் பொட்டு வச்சு, சூடம் காட்டி எடுத்துக் குடுக்கிறவன் அவன்தான். மாசானம் அவனைப் பாத்து, அண்ணே நீங்க பந்துக்குப் பொட்டு வைங்க, ஆனா பந்தைத் தொடாதீங்கன்னுட்டான். துரைப்பழம் அழுதுட்டான் தம்பி. நாலு பிள்ளைக்கு அப்பன், மைதானத்துல நின்னு அழுதான். 

அதோட டீமு ரெண்டா ஒடைஞ்சுது. சின்னப் பயலுவ எல்லாம் மாசானம் பக்கம். பெரிய ஆளுவ எல்லாம் இந்தப் பக்கம். பிராக்டிஸ் முடிஞ்சா அவனுவ கெழக்க ஒரு டீக்கடை, இவனுவ மேக்க ஒரு டீக்கடை. சோறு ஆக்கிப் போட்டா மாசானம் திங்க மாட்டான். ஆட்டத்துக்கு முன்னாடி பிரியாணி தின்னா எந்திக்க முடியாதுன்னு சொல்லி ரெண்டு வாழப்பழத்தைத் தின்னுட்டு உக்காந்திருப்பான். சின்னப் பயலுவளும் அவனைப் பாத்து பிரியாணிய ஒதுக்குதானுவ. ஒரு அண்டா பிரியாணி மிஞ்சிப் போச்சு ஒரு நாளு. நாய்க்குப் போட்டோம். நெனச்சுப் பாருங்க, பிரியாணி நாய்க்கு!

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கிட்டேன். சத்தியமாப் பொறுத்துக்கிட்டேன். ஆனா என் தோள்ல கை வச்சான் பாருங்க. அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் செமிக்க முடியல.

இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ரகசியம். நீங்க எதுத்த டீமு, உங்ககிட்ட சொல்லக்கூடாது. ஆனா இப்பம் சீசன் முடிஞ்சு போச்சு, என்ன. என் மகனுக்கு கை இருக்கு தம்பி, மண்டை கெடையாது. யாருக்குத் தூக்கிக் குடுக்கணும்னு யோசிக்கத் தெரியாது. கோட்டுக்கு உள்ள நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது, வெளிய நிக்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அதனால நான் ஓரமா நின்னு சொல்லுவேன். சத்தம் போட்டுச் சொன்னா எதிராளிக்குக் கேட்ரும்லா? அதுக்குத்தான் இந்தத் துண்டு. துண்டு இடது தோள்ல கெடந்தா இடதுக்காரனுக்குத் தூக்கு. வலது தோளுக்கு மாத்துனா வலதுக்காரனுக்கு. கழுத்தைச் சுத்திப் போட்டா நடுவுல. எப்படி? பாக்கிறவனுக்கு, அண்ணாச்சிக்கு வேர்க்குது, துண்டை மாத்திப் போடுதாருன்னுதான் தோணும். சின்ன வயசுலேருந்தே பழக்குனது. பய ஒவ்வொரு பந்துக்கும் என்னை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் தூக்குவான். எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் அம்மைக்கே தெரியாது.

இதுல ஒரு சந்தோசம் என்னன்னா, நான் துண்டை மாத்திப் போடும்போதெல்லாம் கூட்டத்துல ஒரு சிரிப்பு வரும். வெளியூர் போனாலும் வரும். சின்னப் பயலுவ கைதட்டுவானுவ. ஒரு நண்டுப் பொடியன் வந்து, அண்ணாச்சி இந்தத் தடவை வலதான்னு கேட்டான் ஒரு ஊர்ல. சூட்டிகையான பய. நம்ம மேல உள்ள பிரியம் தம்பி, வேற என்ன. ஒரு ஆளை ஜனங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா அவன் துண்டை ஒதறுனாலும் ரசிப்பானுவ.

என்ன, பொரை ஏறிட்டா? தண்ணி குடிங்க. மெல்ல.

இந்த மாசானம் ஒரு நாள் இந்தக் கடைக்கே வந்தான். இப்பம் நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலி. அதுல கூட அவன் உக்காரல, நின்னுக்கிட்டே பேசுனான். அண்ணாச்சி, நாளையிலேருந்து மைதானத்துக்கு வாங்க, வேண்டாங்கல. ஆனா துண்டை வீட்டுல வச்சிட்டு வாங்கன்னான்.

எனக்குக் காது அடைச்சிட்டு.

தம்பி, எங்க தாத்தா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு தெருவுல நடந்ததுக்கு அவரை அடிச்சுக் கையை ஒடிச்சானுவ. இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் போவணுமாம். அந்த ஒடிஞ்ச கையோட பொறவும் தோள்ல போட்டுக்கிட்டேதான் போனாரு. எங்க வீட்டுல ஆம்பளை பொறந்தா மொத மொத வாங்குற துணி துண்டுதான். சட்டை இல்லாம வெளிய போயிருக்கேன், துண்டு இல்லாமப் போனதில்ல. என்னைப் பாத்து, எங்கிருந்தோ பொழைக்க வந்த பய, துண்டை எடுத்து வச்சிட்டு வாங்கன்னு சொல்லுதான். சொல்லுங்க, உங்களைச் சொன்னா நீங்க விடுவீயளா?

ஏம்ல எடுக்கணும்னு கேட்டேன். அவன் சொல்லுதான், ரூபன் பந்தைப் பாக்க மாட்டேங்கான் அண்ணாச்சி, துண்டைப் பாக்கான். அதனாலதான் கை டபுள் ஆவுது, பந்து கையில ரெண்டு தடவை படுது, ரெஃபரி விசில் ஊதுதாருன்னு. எனக்கே லிஃப்டிங் சொல்லித் தாரான்! நான் ஜில்லா செலக்‌ஷன் வரைக்கும் போய், கடைசி நிமிசத்துல சிபாரிசு இல்லாம வெளிய வந்தவன். இவன் பொறக்கும்போது நான் நெட்டுக்கு முன்னாடி நின்னவன். வெளிய போல நாயேன்னுட்டேன். போனான். போகும்போது கோடவுன் வாசல்ல நின்னு என் மகன்கிட்ட என்னமோ சொன்னான். என்னலே சொன்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்லப்பா, கண்ணை உள்ள வைன்னு சொன்னான்னான். கண்ணை உள்ள வை. கண்ணு பின்ன வெளியவா கெடக்கு? கோட்டிப்பய, கிறுக்குப் பேச்சு.

இப்பம் பொங்கல் ஆட்டத்துக்கு வாங்க. உங்க ஊரு, உங்க மைதானம், ஃபைனல். நீங்க ஜெயிச்சீய, சந்தோசம். கப்பை நீங்க வாங்குனதுல எனக்கு ஒரு பொறாமையும் கெடையாது. ஆனா இந்தா இப்பம் நீங்களே நேர்ல வந்திருக்கீய, உங்ககிட்டயே கேக்கேன். உங்க பயலுவ எப்படி ஒவ்வொரு பந்துக்கும் சரியா அந்த எடத்துல வந்து பிளாக் போட்டானுவ? என் மகன் இடது பக்கம் தூக்குதான், அங்க மூணு பேரு கையத் தூக்கிக்கிட்டு நிக்கானுவ. வலதுக்குத் தூக்குதான், அதுக்கு முன்னாடியே அங்கப் போயாச்சு. பந்து கையவிட்டுப் போறதுக்கு முன்னாடியே நகருதானுவ தம்பி! யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி. மந்திரமா? சொல்லுங்க பாப்போம்.

ஐயையோ, டீயக் கொட்டிட்டீயளா? இருங்க, எந்திரிக்காதீங்க, நான் தொடைக்கேன். இந்தத் துண்டாலயே தொடைச்சிருதேன், என்ன இப்பம். வேட்டியில பட்டுதா? ஏன் தம்பி மொகம் இப்படிச் செவந்து போச்சு? சிரிக்கீயளா, இருமுதீயளா? சூடு நாக்குல பட்டிருக்கும். சரி, துண்டு நனைஞ்சு போச்சு, தராசு மேல கெடந்து காயட்டும்.

உங்களால சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஒருத்தரையும் காட்டிக் குடுக்க மாட்டீய, நல்ல மனுசன். நானே சொல்லுதேன். அவன் வித்துட்டான். மாசானம்தான் வித்துட்டான். எங்க ஆட்டத்தை உங்க பயலுவகிட்ட வித்துட்டான். வேற எப்படி வெளிய போவும்? இந்த சிக்னல் விசயம் எனக்கும் என் மகனுக்கும்தான் தெரியும். மூணாவதா கண்டுபுடிச்சவன் அவன் ஒருத்தன்தான். அப்பம் வேற யாரு சொல்லியிருப்பா? கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

தலையாட்டாதீங்க. இல்லன்னு நீங்க சொல்லத்தான் செய்வீய. கேளுங்க மீதியையும்.

கடைசி செட்டு. நாங்க பின்னாடி கெடக்கோம். டைம் அவுட் கேட்டாச்சு. பயலுவ தண்ணி குடிக்க ஓரத்துக்கு வாரானுவ. நான் என் மகன்கிட்ட, ஏல ஒழுங்கா என்னைப் பாரு, ரெண்டு தடவை பாக்காமத் தூக்கிட்டன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். மாசானம் வந்தான். ஒரு வார்த்தை பேசல. என் தோள்ல கெடந்த துண்டைப் பிடுங்குனான். பிடுங்கிட்டுப் போய் நெட்டுக் கம்பத்துல, உச்சியில, முடிச்சுப் போட்டுக் கட்டிட்டான்.

பத்து ஊர் சனம் பாத்துக்கிட்டு இருக்கு தம்பி. என் சம்பந்தக்காரங்க உக்காந்திருக்காவ. ஒண்ணும் புரியாம வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கேன். வெறுந்தோளோட. அம்மணமா நிக்கிற மாதிரி இருந்துச்சு. சனமெல்லாம் ஓன்னு கத்துது, விசில் அடிக்கானுவ. அந்தச் சத்தம் இன்னும் காதுல கெடக்கு. சை! அவன் மூஞ்சியில காறித் துப்பணும்னு இருந்துச்சு. ரெஃபரி விசில் ஊதிட்டாரு, ஆட்டம் ஆரம்பிச்சிட்டு.

நடுவுல ஒரு பத்து பந்து மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது. அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். என் மகன் மொத பந்துக்கு வழக்கம்போல என்னைப் பாத்தான். தோள்ல ஒண்ணும் இல்ல. முழிச்சான். கம்பத்தைப் பாத்தான். அதுக்குள்ள பந்து தலைக்கு மேல வந்துட்டு. என்ன செய்யன்னு தெரியாம, திரும்பிக்கூடப் பாக்காம, தலைக்குப் பின்னால தூக்கி விட்டுட்டான். தலைக்குப் பின்னால தம்பி! அந்தப் பயலுக்கு அப்படித் தூக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. எங்க படிச்சானோ. உங்க பயலுவ மூணு பேரும் இந்தப் பக்கம் நிக்கானுவ, பந்து அந்தப் பக்கம் போவுது, மாசானம் ஒத்தையில எந்திச்சு அடிச்சான். ஆளில்லாத எடம். பொறவு ஒண்ணு நடுவுல. பொறவு ஒண்ணு குட்டையா, வெரசா. டபுள்னு ஒரு விசில்கூட ஊதல. பய சிரிச்சுக்கிட்டே ஆடுனான். கோட்டுக்குள்ள அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்கு அதுவும் புடிக்கல. அப்பனோட துண்டு கம்பத்துல தொங்குது, மகனுக்கு என்ன சிரிப்பு?

பத்து பந்துல ஆட்டம் சமமாயிட்டு. எனக்குத் தாங்கல. நேராப் போனேன், ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே கம்பத்துல ஏறி என் துண்டை அவுத்தேன். ரெஃபரி விசில் ஊதுனாரு. ஊதட்டும். உங்க ஆளுவ ரெண்டு பேரு வந்து என்னைப் புடிச்சானுவ. உதறிட்டேன். துண்டைப் பழையபடி தோள்ல போட்டுக்கிட்டு ஏல ரூபன்னு ஒரு சத்தம் குடுத்தேன். பய திரும்பிப் பாத்தான். சிரிப்பு போச்சு. நல்லதாப் போச்சு, இனிமே ஒழுங்கா ஆடுவான்னு நெனச்சேன்.

நான் வந்து ஒவ்வொரு பந்துக்கும் சிக்னல் குடுத்தும் தோத்தோம்னா பாத்துக்கிடுங்க. ஒத்தைப் பாயிண்ட் எடுக்கல. தூக்குன எடத்துலயெல்லாம் உங்க ஆளுவ கை. அப்பம் அவன் எம்புட்டு தூரத்துக்கு வித்திருக்கணும்!

ஆட்டம் முடிஞ்ச ஒடனே மாசானம் எங்கிட்ட வந்தான். அடிக்கத்தான் வாரான்னு நெனச்சேன். அடிச்சிருந்தாக்கூட மரியாதையா இருந்திருக்கும். என் முன்னாடி நின்னு, அண்ணாச்சி உங்க மகன் ஜில்லா லிஃப்டர், நீங்கதான் அவனை ஊர் லிஃப்டராவே வச்சிருக்கீயன்னு சொல்லிட்டுப் போனான். என் மகனைப் பத்தி எங்கிட்டயே! மறுநாளே கமிட்டியைக் கூட்டி அவன் பேரை அடிச்சுட்டேன். சின்னப் பயலுவ பாதிப் பேரு அன்னையிலேருந்து பிராக்டிஸுக்கு வாரதில்ல. டீமு நாறிப் போய்க் கெடக்கு. எல்லாம் அந்தச் சவத்துப்பயலாலதான்.

இப்பம் நீங்க கேட்டதுக்குப் பதில். எடுக்காதீங்க. அடிப்பான், கப்பு வாங்கித் தருவான், எல்லாம் செய்வான். ஆனா உங்க டீமை ரெண்டா ஒடைச்சிருவான், உங்க நெட்டை அளப்பான், உங்க பிரியாணியை நாய்க்குப் போட வச்சிருவான். கடைசில உங்க ஆட்டத்தை எவனுக்காவது வித்துருவான். நாலு கிளப்பு வெளிய அனுப்புன பயலை நீங்களும் எடுக்காட்டா அவன் கதை அம்புட்டுதான், வீட்டுல கெடப்பான். கெடக்கட்டும். ஞானதிரவியம் அண்ணாச்சி சொன்னாருன்னு உங்க கமிட்டியில சொல்லுங்க.

என்ன, தலையச் சொறியுதீய?

எடுத்தாச்சா? எப்பம்? போன வாரமேவா? பின்ன எதுக்கு எங்கிட்ட விசாரிக்கீய? எடுக்கலாமான்னு கேக்கத்தான வந்தீய?

மாசானத்தைப் பத்திக் கேக்க வரலையா? நாந்தான் போன்ல சரியாக் கேக்காமப் பேசிக்கிட்டே போயிட்டேனா? பேச விடலன்னு சொல்லுதீய. சரி, நான் கொஞ்சம் பேசுவேன்தான். பின்ன யாரைப் பத்திக் கேக்க வந்தீய?

என் மகனையா?

இருங்க. மெல்லச் சொல்லுங்க. மாசானம் உங்ககிட்ட ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டானா. ரூபன் தூக்குனா வாரேன், இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுங்கன்னு. அந்தப் பத்து பந்து மாதிரி எனக்கு எவனும் தூக்குனதில்லன்னு சொன்னானா. அவன் வாயாலயா? நான் அவனை நாயேன்னு சொன்னேன், வித்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன், அது அவன் காதுக்கும் போயிருக்கும். அவனுக்கு என் மகன் வேணுமா?

என்ன சதி தம்பி இது. சீ. துண்டைப் பிடுங்குனது பத்தாதுன்னு மகனையும் பிடுங்குதான்.

ஜில்லா செலக்‌ஷன் உங்க மைதானத்துல நடக்குன்னு தெரியும். அதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து ஆடிப் பழகணும்னு தெரியும். எனக்குச் சொல்லித் தராதீங்க. பய ஒத்துக்கிட மாட்டான். என்னைக் கேக்காம அவன் சட்டைகூட எடுக்க மாட்டான். வேணும்னா அவனையே கூப்புட்டுக் கேளுங்க. ஏல ரூபன்! இங்க வா!

இவ்வளவு நேரம் கோடவுன் கதவுக்குப் பின்னாலதான் நின்னியா? மூட்டை அடுக்கலையா? எல்லாம் கேட்டாச்சு, அப்படித்தான.

இவுங்க உன்னை அவங்க டீமுக்குக் கூப்புடுதாவ. அந்தப் பயலோட சேந்து ஆட. போறியா? சொல்லுல. போறியா, இருக்கியா? வாயைத் தொறந்து சொல்லு. மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

பாருங்க தம்பி, பேச மாட்டான். நாந்தான் சொன்னேம்லா, மண்டை கெடையாதுன்னு. ஏல, மூஞ்சியப் பாருன்னு சொல்லுதேன், எங்கலே பாக்க? அங்க என்ன இருக்கு?

இருங்க.

தம்பி, இவன் எங்க பாக்கான்? உங்க எடத்துலேருந்து பாத்தா தெரியுதா? என் தோளைப் பாக்கானா?

போவவா வேண்டாமான்னு. தோளைப் பாக்கான். இடதா வலதான்னு. இருபத்திரெண்டு வயசுப் பய.

துண்டு தராசு மேலல்லா கெடக்கு.

உங்க பயலுவளும்... அன்னைக்கு உங்க பயலுவளும் இதைத்தான் பாத்தானுவளா? அந்தச் சனமெல்லாம் சிரிச்சது... வேண்டாம். சொல்லாதீங்க. ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. டீ டம்ளரைக் கீழ வைங்க.

சை.

ஏல ரூபன். எதுக்குல கண்ணு கலங்குத? ஷூ எங்க கெடக்கு, வீட்டுலயா, கோடவுன்லயா? பையிலயே வச்சிருக்கியா? சரி. இவுங்க பைக்குலயே ஏறிப் போ.

என்னைப் பாக்காதல. தோள்ல ஒண்ணும் இல்ல. போ.